ஏற்காடு மே மாத விழாக்கள்

ஏற்காடு மே மாத விழாக்கள் என்பன, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையில் அமைந்துள்ள ஏற்காட்டில் ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி நடைபெறும் பண்பாட்டு நிகழ்வுகளைக் குறிக்கும். மலையாளி பழங்குடியினரின் சேர்வராயன் கோயில் திருவிழாவும், தமிழ்நாடு அரசு நடத்தும் கோடை விழாவும் இவற்றுள் முதன்மையானவை. உலக அருங்காட்சியக நாளும் (மே 18) இதே மாதத்தில் வருகிறது. இம்மலையில் கிடைத்த தொல்பொருட்கள் பல மலைக்கு வெளியே உள்ள அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. எனவே விழாக்களை மலையிலும், மலையின் தொன்மையை அருங்காட்சியகத்திலும் காண வேண்டிய நிலை உள்ளது.

அமைவிடம்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை வழியாக ஊரை அடையலாம். ஏரியைச் சூழ்ந்த ஊர்ப்பகுதியே பெரும்பாலான பயணிகளுக்குத் தெரிந்த ஏற்காடு ஆகும். ஆயினும் செம்மநத்தம், நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை முதலிய பல ஊர்களும் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே இம்மலையில் அமைந்துள்ளன. இவ்வூர்களில் மலையாளி மக்கள் வாழ்கின்றனர்.

இங்கு 'மலையாளி' என்னும் சொல் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் எனப் பொருள்படும். இவர்கள் தமிழ் பேசும் மக்கள். கேரளத்தின் மலையாள மொழி பேசுவோரிலிருந்து வேறானவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதையாகும்.

சேர்வராயன் கோயில் திருவிழா

சேர்வராயன் கோயில் சுமார் 1,620 மீட்டர் உயரமுள்ள மலையுச்சியில் அமைந்த குகைக் கோயில் ஆகும். சேர்வராயன், காவேரி அம்மன் ஆகிய தெய்வங்கள் இங்கு வழிபடப்படுகின்றன. சேர்வராயன் மலையையும், காவேரி அம்மன் ஆற்றையும் குறிப்பதாகக் கொள்வர். மலைக்குப் பெயர் தந்த தெய்வமும் இவரே. கோயிலின் ஆண்டுத் திருவிழா மே மாதத்தில் நடைபெறுகிறது. மலையின் பல ஊர்களிலிருந்தும் மலையாளி மக்கள் திரண்டு வந்து வழிபடுகின்றனர். பயணிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட விழாக்களுக்கு மிக முற்பட்ட வழிபாட்டு மரபு இது.

கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும்

ஏற்காடு கோடை விழா மாவட்ட நிர்வாகம், சுற்றுலாத் துறை, தோட்டக்கலைத் துறை ஆகியவற்றின் முயற்சியில் நடத்தப்படுகிறது. ஏரிக்கு அருகே உள்ள அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி இடம்பெறும். படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள் போன்றவையும் நடைபெறும். கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020, 2021 ஆம் ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை. 2022 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 45 ஆவது கோடை விழா நடைபெற்றது. விழா நாட்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும்.

உலக அருங்காட்சியக நாள்

பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக அருங்காட்சியகங்கள் குழு 1946 இல் தொடங்கப்பட்டது. 1977 இல் மாசுக்கோவில் கூடிய இக்குழுவின் பொதுப்பேரவை உலக அருங்காட்சியக நாளை ஏற்படுத்தியது. அது மே 18 ஐ ஒட்டிக் கொண்டாடப்படுகிறது. 1992 முதல் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படுகிறது.

இக்குழுவின் முந்தைய விதிகள் தாவரவியல் தோட்டங்களையும் அருங்காட்சியகங்களாகக் கணக்கிட்டன. அவ்வகையில், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் பராமரித்து வரும் தோட்டத்தையும் ஓர் உயிருள்ள அருங்காட்சியகமாகக் கருதலாம். இங்குள்ள ஆர்க்கிட் தொகுப்பு புகழ்பெற்றது. பூச்சிகளை உண்ணும் குடுவைத் தாவரமும் இங்கு வளர்க்கப்படுகிறது.

மலையின் கற்கருவிகள்

சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த மெருகேற்றிய கற்கோடரிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கல்லைத் தட்டி வடிவமைத்து, பின்னர் மற்றொரு கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, கூர்முனை உண்டாக்கி இவற்றைச் செய்தனர். மரம் வெட்டவும் காட்டைத் திருத்தவும் இவை பயன்பட்டிருக்கலாம். தென்னிந்தியாவில் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் கி.மு. 1000 வரையிலான காலமாகக் கணிக்கப்படுகிறது.

மலைவாழ் மக்கள் நிலத்தில் கண்டெடுத்த இக்கற்களைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் இது குறிப்பிடப்பட்டுள்ளது. வழிபாட்டுப் பொருளாக மாறியதால் இவை சிதறாமல் ஓரிடத்தில் தங்கின. அதே வேளையில், ஒவ்வொரு கல்லும் எந்த நிலத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்னும் செய்தி மறைந்து போனது.

இராபர்ட் புரூசு ஃபூட்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் இராபர்ட் புரூசு ஃபூட் (1834–1912) இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858 இல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே. இந்தியாவில் மனித வாழ்வின் தொன்மையை வெகுவாகப் பின்னோக்கி எடுத்துச் சென்றது அக்கண்டுபிடிப்பு. பணி ஓய்வுக்குப் பின் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தார். இவருடைய மாமனார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆவார்.

ஃபூட் தம் தொகுப்பை 1904 இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். சேர்வராயன் மலைக் கருவிகளும் அதில் அடங்கும். அவர் உருவாக்கிய பட்டியல், கருவிகளைக் கிடைத்த இடங்களின் வாரியாக வகைப்படுத்துகிறது. இதனாலேயே மலையிலிருந்து வெகு தொலைவு சென்ற பின்னும் அக்கற்கள் தம் ஊரை இழக்கவில்லை. ஃபூட் 1912 இல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டில் உள்ள தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது.

பாதுகாப்பும் சட்டமும்

தொல்பொருள் ஒன்றின் மதிப்பு அதன் வடிவத்தில் மட்டும் இல்லை. அது கிடைத்த இடத்திலும், உடன் கிடைத்த பொருள்களிலும் உள்ளது. நினைவுப் பொருளாக ஒருவர் எடுத்துச் செல்லும் கல், வீட்டு அலமாரியில் வெறும் கல்லாகவே முடியும். 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, நிலத்தில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய தொல்பொருட்களின் ஏற்றுமதியையும் விற்பனையையும் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மலையில் பழங்கற்களைக் காண்போர் அவற்றை எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பதே முறையாகும். கோயில்களில் வழிபாட்டில் உள்ள கற்களை அவ்வூர் மக்களின் இசைவின்றித் தொடுதல் கூடாது.

பார்வையாளர் கவனத்திற்கு

கோடை விழாவின் நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகத்தால் அறிவிக்கப்படும். விழா நாட்களில் மலைப்பாதையில் நெரிசல் மிகுதி. 1851 இல் நிறுவப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம் எழும்பூரில் உள்ளது; வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விடுமுறை. மலையின் அடிவாரத்தில் உள்ள சேலத்திலும் ஓர் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. பள்ளி மாணவர்கள் சேலம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மலையேறினால், சேர்வராயன் கோயிலையும் ஃபூட்டின் நினைவிடத்தையும் கூடுதல் தெளிவுடன் அறிய இயலும்.