இரண்டு சபாபதிகள்

1941 டிசம்பர் 14 அன்று 'சபாபதி' படம் வெளியானது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியிருந்தது. மூன்று நாள் முன்பு பினாங்கில் குண்டு விழுந்திருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போன பிள்ளைகளின் கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகள் நம் தஞ்சைச் சீமையில் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த வேளையில் வந்தது, ஜனங்களைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லாத ஒரு முழுநீளப் படம்.

கதை சிறியது. படிப்பு ஏறாத பணக்கார வீட்டுப் பிள்ளை சபாபதி முதலியார். அவருடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமான் அசடாக இருந்தால் வேலைக்காரன் கெட்டிக்காரனாக இருப்பதுதான் உலக வழக்கம். இங்கிலாந்தில் வோட்ஹவுஸ் எழுதிய ஜீவ்ஸ் அப்படி. நம் கூத்தில் ராஜாவையே மடக்கும் கட்டியங்காரனும் அப்படி. 'சபாபதி'யில் இரண்டு பேருமே அசடுகள். எஜமான் ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்வார். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு வந்து நிற்பான் வேலைக்காரன். யார் மேல் கோபப்படுவது என்று எஜமானுக்கே தெரியாது. அந்த இடத்தில்தான் கொட்டகை அதிர்ந்தது.

வேலைக்காரனாக நடித்தவர் காளி என். ரத்தினம். நம் திருப்பனந்தாள் கடைத்தெருவில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கும்பகோணம். அதற்குப் பக்கத்து மலையப்பநல்லூர்க்காரர் அவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் 'கோவலன்' நாடகத்தில் காளி வேஷம் கட்டி ஜனங்களை நடுங்க வைத்தவர். அந்த வேஷமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் அவர் நடிகர் மட்டுமல்ல, வாத்தியார். வீட்டை விட்டு வந்த சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, கம்பெனிச் சாப்பாடு சாப்பிட்டு, பாடமும் பாட்டும் உருப்போட்ட காலம் அது. வசனத்தை எங்கே நிறுத்துவது, அடுத்தவர் பேசும்போது மேடையில் எப்படி நிற்பது என்பதெல்லாம் வாத்தியார் வாயிலிருந்து வரவேண்டும். அவரிடம் அப்படிக் கற்றவர்களில் ஒருவர், கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்து கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர்.

'சபாபதி'யை இன்று போட்டுப் பார்க்கிறவர்கள் ரத்தினம் பேசாமல் நிற்கும் இடங்களைக் கவனிக்கவேண்டும். எஜமான் கத்திக்கொண்டிருப்பார். இவர் முகத்தில் பயமும் இராது, குறும்பும் இராது. சொன்னதைத்தானே செய்தோம் என்ற சுத்தமான நம்பிக்கை மட்டும் இருக்கும். பல வருஷம் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத்தான் அந்த அடக்கம் வரும் என்பது என் எண்ணம்.

எஜமானாக வந்த டி.ஆர். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 24. கரூர்ப் பக்கத்துத் திருக்காம்புலியூரில் பிறந்தவர். ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) படத்தில் சின்ன வேஷத்தில் வந்தவரை மெய்யப்பனே கதாநாயகனாக்கினார். உருண்டைக் கண்ணை இன்னும் உருட்டி விழிப்பதால், அமெரிக்க நகைச்சுவை நடிகர் எடி கேன்டரோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். வயதில் மிக மூத்த நாடக வாத்தியார் கைகட்டி நிற்க, சிறியவர் அதிகாரம் செய்கிறார். ஒரு காட்சியிலாவது மூத்தவர் இளையவரை முந்தப் பார்க்கவில்லை.

மூலக்கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்தவர், நீதிபதியாக இருந்தவர். கூத்தாடி என்று நாடகக்காரரை ஒதுக்கிய நாளில், வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றியவர். சபையில் நடித்தவர்கள் பொழுதுபோக்குக்காக நடித்த கனவான்கள். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளோ வயிற்றுக்காக வந்தவர்கள். கனவான்களின் மேடைக்கு எழுதிய கதைக்குக் கம்பெனிக்காரர் ரத்தினம் உயிர் கொடுத்தார். தமிழ் நாடகத்தின் இரண்டு வாய்க்கால்கள் ஒன்றாகக் கலந்த இடம் இந்தப் படம். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அநேகமாகச் சொல்வதே இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மெய்யப்பனோடு சேர்ந்து இயக்கியவர் ஏ.டி. கிருஷ்ணசாமி. இசை ஆர். சுதர்சனம்.

தமிழ் வாத்தியாராக வந்த கே. சாரங்கபாணியும் கும்பகோணத்துக்காரர். அவர் படும் பாடு நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். காசித் திருமடம் செந்தமிழ்க் கல்லூரி நடத்திய ஊர் நம் திருப்பனந்தாள். தமிழ் வாத்தியார் தெருவில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிய ஊர். மாணவனிடம் வாத்தியார் அவதிப்படுவதைச் சிரிப்பாக்கியது நியாயமா? எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் சாரங்கபாணி அந்த வேஷத்தைக் கேலிப் பொம்மையாக்கவில்லை. கற்பித்தே தீருவேன் என்ற பிடிவாதத்தைக் கடைசிவரை விடவில்லை. சிரித்துக்கொண்டே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

கதாநாயகி ஆர். பத்மா சோப்பு விளம்பரத்தால் 'லக்ஸ்' பத்மா என்றே பெயர் பெற்றார்.

ராமச்சந்திரன் பிறகு 'வாழ்க்கை' (1949) படத்தில் வைஜயந்திமாலாவின் முதல் படக் கதாநாயகர். 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) வரை அவருடைய அப்பாவி முகம் செல்லுபடியானது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவரும் சாரங்கபாணியும் இருக்கிறார்கள். ரத்தினம் 1950இல் காலமானார்.

'சபாபதி'யில் குண்டுமுத்துவாக வந்து ரத்தினத்துக்கு ஈடுகொடுத்த சி.டி. ராஜகாந்தம் கோயமுத்தூர்க்காரர். என்.எஸ். கிருஷ்ணன் - மதுரம் ஜோடிக்கு அடுத்தபடி ஜனங்கள் கொண்டாடியது ரத்தினம் - ராஜகாந்தம் ஜோடியைத்தான். பாடகர் திருச்சி லோகநாதன் ராஜகாந்தத்தின் மருமகன். எல்லாருக்கும் பிறகும் நடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். 1990களின் கடைசியில் 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடரின் 'விடாது கருப்பு' கதையில் கிழவியாக வந்தார். அதைப் பார்த்துப் பயந்து போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்தப் பாட்டி அவர்களுடைய தாத்தாக்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த குண்டுமுத்து என்று.

(தொடரும்)