உறக்க மூளையழற்சி

என்செபலைட்டிஸ் லெதார்ஜிகா என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் உறக்க மூளையழற்சி, முதல் உலகப்போரின் நடுவே தலைகாட்டி 1920களின் பிற்பகுதியில் ஏறத்தாழ மறைந்துபோன கொள்ளைநோய்.

1917இல் வியன்னாவில் இதை விரிவாக விவரித்தவர் நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகோனமோ. நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் உறங்கிப்போவார். தட்டி எழுப்பினால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார். விட்டால் மறுபடி உறக்கம். வேறு சிலருக்கோ கண் மூடவே முடியாது. கைகால் ஓயாமல் துள்ளும். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த எகோனமோ, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி சிதைந்தால் தீராத உறக்கமும், முன்பகுதி சிதைந்தால் உறக்கமின்மையும் வருவதைக் கண்டார். உறக்க அறிவியலுக்கு இது பெரிய கொடை.

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவே காரணம் என்று பலர் நம்பினர். ஆனால் முதல் நோயாளிகள் அதற்கு முன்பே தென்பட்டிருந்தனர். பாதுகாத்து வைத்த மூளைத் திசுக்களில் பிற்காலத்தில் தேடியபோதும் அந்த வைரஸின் தடயம் சிக்கவில்லை. காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. கோவிட்-19க்குப் பின் நினைவுத் தடுமாற்றமும் மந்தமும் நீடித்தபோது நரம்பியலாளர்கள் இந்தப் பழைய நோயை மீண்டும் புரட்டியது இயல்பே.

உண்மையான கொடுமை பிழைத்தவர்களுக்குத்தான். குணமாகி வேலைக்குத் திரும்பியவர்கள்கூட, சில ஆண்டுகள் கழித்து நடுக்குவாதத்தில் விழுந்தனர். கண்கள் மேல்நோக்கிச் செருகி, கூரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நின்றுவிடும். அமைதியான குழந்தைகள் திடீரென மூர்க்கமாயினர். அதை நோயென்று உணராமல் ஒழுக்கக்கேடு என்று தண்டித்தவர்களும் உண்டு. 1919இல் பாரிஸில் நரம்பியலாளர் கான்ஸ்டன்டின் டிரெட்டியாகாஃப், இந்த நடுக்குவாதத்துக்கு மூளைத்தண்டின் கரும்பொருள் பகுதி அழிவதே காரணம் என்று காட்டினார். உடலசைவுக்குத் தேவையான டோபமைன் சுரக்கும் இடம் அது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனையொன்றில் இந்நோயால் பல பத்தாண்டுகள் சிலைபோல் இருந்தவர்களுக்கு, 1969இல் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், டோபமைனை ஈடுசெய்யும் எல்-டோபா என்ற மருந்தைக் கொடுத்தார். பலர் எழுந்து நடந்தனர், பாடினர். 1926இல் நோய் கண்ட ஒரு பெண்மணிக்கு, நடப்பது 1969 என்று தெரியும். மனமோ 1926ஐ விட்டு நகரவில்லை. அந்தக் காலத்துப் பாட்டுகளையும் மனிதர்களையும் நேற்றுக் கண்டதுபோல் பேசினார். சில வாரங்களில் மறுபடி உறைந்துபோனார். அதன்பின் அந்த மருந்து அவருக்கு முன்போல் பலிக்கவில்லை.