பெயர் ஒன்று, நிலம் இரண்டு

புதியவர் ஒருவரைக் கண்டால் ஊரும் பேரும் கேட்பது தமிழர் வழக்கம். சப்பிரகமுவத் தோட்டங்களிலே பிறந்த நம்மை ஒருவர் அவ்வாறு கேட்பாராயின், நாம் சொல்லும் ஊர்ப்பெயர் பல வேளைகளில் கடல் கடந்து வந்த பெயராகவே இருக்கும். பலாங்கொடையிலே 'ரை' என்றொரு தோட்டம் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலே குன்றின் மீது நிற்கும் பழைய பட்டினம் ஒன்றுக்கும் அதே பெயர். இறக்குவானையிலே 'அய்க்பர்த்' என்றொரு தோட்டம் உண்டு. லிவர்பூல் மாநகரின் ஒரு பகுதிக்கும் அதே பெயர். மிஷன் பாடசாலையிலே ஆங்கிலக் கதைகளைப் படித்து, அவற்றில் வரும் கிராமங்களை மனக்கண்ணாற் கண்டு வளர்ந்த நாம், அந்தப் பெயர்கள் நம் பிரட்டுக்களத்துப் பலகைகளிலும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு சிறுவயதிலே வியந்ததுண்டு. வளர்ந்த பின்னரே அவற்றின் சரித்திரத்தைத் தேடத் தொடங்கினோம்.

அவ்வாறு தேடியபோது நம் நெஞ்சிலே தைத்த பெயர் ஒன்று உண்டு. கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பகுதியிலுள்ள 'நேவ்ஸ்மையர்' என்பதே அது. உருளவள்ளி என்றால் நம் பெரியோர் உடனே அறிவர். அதே பெயர் கொண்ட நிலம் இங்கிலாந்திலும் ஒன்று இருக்கின்றது. இவ்விரண்டு நிலங்களின் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் வடபகுதியிலே யோர்க்சயர் என்னும் பெருங் கவுண்டி உளது. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டம் போன்றதொரு பிரிவு. அங்குள்ள கவுண்டிகளுள் மிகப் பெரியதாகிய யோர்க்சயர், பழங்காலத்தில் மூன்று 'ரைடிங்'குகளாகப் பிரிந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்பதே அச்சொல்லின் பொருள். நம் கேகாலைப் பகுதியும் ஒரு காலத்திலே மூன்று கோறளை, நான்கு கோறளை என வழங்கியதை நினைத்தால், அந்நிலம் நமக்கு அத்தனை அந்நியமாகத் தோன்றாது. அதன் தலைநகர் யோர்க். கி.பி. 71 அளவில் ரோமர் அங்கே கோட்டை கட்டினர். 866 இல் வைக்கிங் என்னும் கடலோடிகள் அதனைக் கைப்பற்றினர்.

அந்நகரின் மதிலுக்குப் புறத்தே கிடக்கும் பரந்த புல்வெளியே நேவ்ஸ்மையர். 'நேவ்' என்பது பழைய ஆங்கிலத்திலே எளிய மனிதனைக் குறிக்கும். 'மையர்' என்பது சதுப்பு நிலம். எளியவர்களின் சதுப்பு என்று நாம் கொள்ளலாம். நகரத்து உரிமை பெற்ற குடிகள் தம் மாடுகளை அங்கே மேய்க்க உரித்துடையவராயிருந்தனர். 1731 இல் அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கிற்று, இன்றும் நடைபெறுகின்றது. டிக் டர்ப்பின் என்னும் பேர்போன கொள்ளைக்காரன் 1739 இல் தூக்கிலிடப்பட்டதும் அந்நிலத்திலேதான். 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மேய்ச்சல் உரிமை நகரசபைக்கு மாறியது. எனினும் மக்கள் உலாவும் திறந்தவெளியாகவே அந்நிலம் நிலைத்தது.

இங்கிலாந்திலே எல்லாப் பொதுநிலங்களும் இவ்வாறு தப்பவில்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களை இயற்றி, கிராமத்தார் பொதுவிலே ஆண்டுவந்த புல்வெளிகளை வேலியிட்டுத் தனியார் கையிற் கொடுத்தது. நிலமிழந்த ஏழைகளுட் பலர் கூலிகளாயினர். ஆலைகளை நாடி நகரஞ் சென்றோரும் உளர். ஆங்கிலக் கிராமம் என்றதும் கதைப்புத்தகங்களிலே நாம் கண்ட அமைதியின் பின்னே இந்தத் துயரமும் மறைந்துள்ளது.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். சப்பிரகமுவ என்பதற்குச் சபரர், அதாவது வேடர், வாழ்ந்த ஊர் என்று பொருள் கூறுவர் பலர். கண்ணப்பரைத் தொழும் நமக்கு வேடர் நாடு என்பது இழிவான பெயரன்று. பதினாறாம் நூற்றாண்டிலே இதன் எல்லையில் சீதாவாக்கை அரசு எழுந்து போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றது. அதன் மன்னன் முதலாம் இராசசிங்கன் சைவம் தழுவினான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் கோயிலின் இடிபாடுகள் அவிசாவளையருகே இன்றும் உள. பின்பு கண்டி அரசின் திசாவனியாயிருந்த இந்நாடு, 1815 இல் ஆங்கிலேயர் வசமாகி, 1889 இல் தனி மாகாணமாயிற்று.

வேலியிடும் வேலை இங்கும் நடந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்டப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியவையெனக் கொள்ள வழிசெய்தது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்குக்கூட அக்காலத்தில் நிலம் விற்கப்பட்டது. சிங்களக் கிராமத்தான் தன் காட்டை இழந்தான். அக்காட்டை அழித்துக் கோப்பியும், கோப்பி 1869 முதல் நோயால் அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் பயிரிடத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். களனிப் பள்ளத்தாக்கின் சிறிய ரயில் 1912 இல் இரத்தினபுரியை எட்டியது. கொழுந்து பறித்த கையும் பால் வெட்டிய கையும் நம்மவருடையவை; இலாபம் போன இடமோ வேறு.

1946 இல் நேவ்ஸ்மையர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்தது. நிலமற்ற கிராமத்தவருக்கு அதனைப் பகிர்ந்தளிப்பதே நோக்கம் என்றனர். காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. அங்கே பிறந்து உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு லயங்களை விட்டு வெளியேறும்படி உத்தரவு பிறந்தது. அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவர்கள் பக்கம் நின்றது. அயற் தோட்டங்களெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. அந்தக் கிராமத்தவரும் நிலமிழந்த ஏழைகளே என்பதை நாம் மறுக்கலாகாது. ஆனால் ஓர் ஏழையின் பசியைத் தீர்க்க மற்றோர் ஏழையின் அடுப்பை அணைப்பது நீதியாகுமா? இருவரையும் மோதவிட்ட அந்த 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்று யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

அக்காலத்திலே லயத்தை விட்டு வெளியேற மறுத்தோர் மீது குற்ற அத்துமீறல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அத்தகைய வழக்கொன்று இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. தனக்கு உரிமையுண்டு என்று மெய்யாக நம்பித் தன் வீட்டில் தங்கியிருப்பவன், பிறரைத் தொல்லைப்படுத்தும் குற்ற எண்ணத்துடன் தங்கியவனாகமாட்டான் என 1950 இல் அந்நீதிமன்றம் கொண்டது. நம்மவரில் ஒருவர் தமது லயத்து அறையை வீடு என்று சொன்னதை அந்த உயர்ந்த மன்று செவிமடுத்தது!

ஆயினும் அதற்கு முன்பே, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. 1964 இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது பல தோட்டங்களிலிருந்து நம்மவர் மீண்டும் துரத்தப்பட்டனர். 1977 கலவரத்திலே சப்பிரகமுவவின் லயங்களும் தப்பவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. 2015 முதல் வீட்டுடன் ஏழு பேர்ச் காணி தரும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. எனினும் லயத்திலேயே வாழ்வோர் இன்றும் பலர்.

இரு நிலங்களையும் இனி ஒருங்கே நோக்குவோம். யோர்க் நகரத்தார் தம் புல்வெளிக்கு உரிமை கோரியபோது, எம் பாட்டனார் காலந்தொட்டு இங்கே மாடு மேய்க்கின்றோம் என்றனர்; அது போதுமான நியாயமாயிற்று. உருளவள்ளியார் எம் பாட்டனார் காலந்தொட்டு இங்கே மலையை வெட்டுகின்றோம் என்றனர், அது போதவில்லை. துரைமார் தம் நாட்டுப் பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். அப்பெயருக்குரிய உரிமையையோ அங்கேயே விட்டுவந்தனர்.

இளைஞர் மன்றத்து அன்பர்களே! உழைத்து, மணந்து, மாரியம்மனுக்கு விழாவெடுத்து, இறந்தோரை அடக்கஞ் செய்து ஐந்து தலைமுறை வாழ்ந்த இடம் ஊர் அல்லாமல் வேறென்ன? ஆயினும் எழுதப்படாத ஊரை எளிதில் அழித்துவிடலாம். ஆங்கிலக் கிராமம் ஒவ்வொன்றின் வரலாறும் ஏடுகளிலே இருக்கின்றது. நம் தோட்டங்களின் வரலாறோ முதியோர் நெஞ்சிலே மாத்திரம் இருக்கின்றது. அவர்களோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.

ஆகவே இவ்வாண்டு ஒவ்வோர் உறுப்பினரும் ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுத்து, தம் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, கோயில் எப்போது எழுந்தது, எந்த ஊரிலிருந்து யார் வந்தார், நம் வாய்ப்பேச்சில் அத்தோட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டெழுதுமாறு வேண்டுகின்றோம். அயற் கிராமத்துச் சிங்களப் பெரியவரிடமும் கேளுங்கள். காட்டின் பழைய பெயர் அவருக்கே தெரியும். பெரியோர்களே, கேட்க வரும் பிள்ளைகளுக்கு மனந்திறந்து சொல்லுங்கள். அடுத்த தலைமுறையிடம் ஒருவர் ஊரும் பேரும் கேட்கும்போது, அது தயங்காமல் விடை சொல்லட்டும்.