லீட்ஸ் சுரங்கத் தொழிலாளியின் முழங்கால்

1895ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 41 வயதான சுரங்கத் தொழிலாளி ஒருவர் அறுவை மேசையில் படுத்திருந்தார். சுரங்கத்தில் மண் சரிந்து விழுந்ததிலிருந்து மாதக்கணக்கில் அவரால் காலை நம்பி ஊன்ற முடியவில்லை. மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் முழங்காலைத் திறந்தார். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லவேண்டிய இரண்டு தசைநார்களும் தொடையெலும்பிலிருந்து பிய்ந்து கிடந்தன. குடல்நூலால் அவற்றைப் பழைய இடத்திலேயே தைத்தார். சில ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதர் நொண்டாமல் நடந்தார், வேலைக்குப் போனார். 1903இல் ராப்சன் இதை எழுதி வெளியிட்டார்.

அந்த இரண்டில் முன்னால் இருப்பதுதான் இன்று விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஏ.சி.எல். நம் ஆட்டக்களங்களில் இதையும் பக்கத்திலுள்ள குருத்தெலும்பு வட்டையும் சேர்த்தே 'ஜவ்வு' என்பார்கள். பழங்கால மருத்துவர் காலன் காலத்திலேயே தெரிந்த உறுப்பு இது. மூன்று சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். தொடையெலும்பின் பின்புறத்தில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கீழ்க்கால் முன்னோக்கி வழுகாமலும், உடம்பு திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. இது ஒரே கயிறு அல்ல, இரண்டு இழைக்கட்டுகள். கால் மடங்கும்போது ஒன்றும் நீளும்போது மற்றொன்றும் இறுகும். ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள்.

அறுந்தால் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கட்டி வீங்கும். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பொன்னே 1845இல் விவரித்த அதே அடையாளங்களைத்தான் இன்றைய ஆட்டக்காரரும் மருத்துவரிடம் சொல்கிறார். பெரும்பாலும் யாரும் மோதியிருக்கமாட்டார்கள். குதித்துத் தரையில் ஊன்றியபோதோ, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பியபோதோ அறுந்திருக்கும்.

ராப்சனின் தையல் நம்பிக்கை தந்தது. ஆனால் முழங்கால் அதை எல்லோருக்கும் நிறைவேற்றவில்லை. தோலில் காயம் பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளரும். மூட்டுக்குள்ளோ வழுவழுப்பான திரவம் அந்த உறைவை நிலைக்கவிடாமல் கரைத்துவிடுகிறது. அறுந்த இரு முனைகளும் சேர்வதில்லை. இதை உணர நெடுங்காலம் ஆனது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் தையல் போட்டுக்கொண்ட மாணவர்களை ஐந்தாண்டு கழித்துப் பரிசோதித்த முடிவு 1976இல் வெளிவந்தது. தொடக்கத்தில் நன்றாக இருந்த முழங்கால்களில் பெரும்பாலானவை மறுபடி ஆட்டம் கண்டிருந்தன.

மாற்றுவழி அதற்கு வெகுமுன்பே தோன்றியிருந்தது. 1917இல் இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்பக்கத் தசையுறையில் ஒரு கீற்றை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு அதன் வழியே நுழைத்தார். அறுந்ததை ஒட்டவைப்பதை விட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் பதித்தார். நூறாண்டு கடந்தும் இந்த அறுவையின் எலும்புக்கூடு இதுதான். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் பெரிய பாய்ச்சல் அந்தத் துளைகள்தான். பிறகு வந்த சண்டைகள் எல்லாம், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களில் எதை எடுப்பது என்பது பற்றியவை: முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாணா, பின்தொடை நாணா? 1980களில் கார்பன் இழை, டேக்ரான் என்று செயற்கைக் கயிறுகளையும் பதித்துப் பார்த்தார்கள். அவை தேய்ந்து அறுந்தன. உதிர்ந்த துகள்களால் மூட்டு அழன்றது.

இன்று பின்தொடை நாணை எடுப்பவர், முழங்காலுக்குக் கீழே சிறிதாகக் கீறி, வளையம் வைத்த கருவியால் அதை உருவி எடுக்கிறார். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, இரண்டாகவோ நான்காகவோ மடித்து, முனைகளை நூலால் பின்னித் தைக்கிறார். தடிமனை அளந்து அதற்கேற்பத் துளை போடுகிறார். இதற்காக மூட்டைப் பிளக்க வேண்டியதில்லை. ஜப்பானில் தகாகியும் அவர் வழிவந்த வதனபேயும் வளர்த்தெடுத்த, மூட்டுக்குள் பார்க்கும் குழாய்க் கருவியான ஆர்த்ராஸ்கோப் உதவியோடு, 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டாண்டி முதன்முதலாக ஏ.சி.எல். மாற்று அறுவையைச் செய்துகாட்டினார்.

ஆனால் அறுவைக்குப் பிறகு கால் வாரக்கணக்கில் மாவுக்கட்டில்தான் கிடந்தது. மூட்டு இறுகிப்போனது, தொடை சூம்பியது. இண்டியானாபோலிஸ் மருத்துவர் ஷெல்போர்ன் ஒன்றைக் கவனித்தார்: சொன்னபேச்சு கேட்காமல் முன்கூட்டியே காலை நீட்டி மடக்கி நடந்தவர்கள், கட்டுப்பாட்டோடு இருந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். அவர் தம் விதியை மாற்றிக்கொண்டார். 1990இல் பிசியோதெரபிஸ்ட் நிட்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, உலகமெங்கும் நோயாளிகளை மாவுக்கட்டிலிருந்து விடுவித்தது.

சீக்கிரம் நடக்கலாம் என்பதைச் சீக்கிரம் ஆடலாம் என்று புரிந்துகொள்வதுதான் இப்போதைய ஆபத்து. பதித்த நாண் முதல் சில வாரங்களில் ரத்தவோட்டமின்றி வலுவிழக்கும். பிறகு புது ரத்தக்குழாய்கள் ஊடுருவி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தசைநாராக மாறும். வலி போய்விட்டது, ஓட முடிகிறது என்பதால் உள்ளே அந்த வேலை முடிந்துவிட்டதாக ஆகாது. ஒன்பது மாதத்துக்குள் களமிறங்கியவர்களுக்கு முழங்கால் மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் அடுத்த போட்டியின் தேதியைப் பார்த்து அடிபட்ட பிள்ளையை அவசரப்படுத்த வேண்டாம்.