உருளை டப்பாவில் வந்த வீரர்கள்

2001-இல் லெகோ நிறுவனம் ஆறு வீரர்களைக் கடைக்கு அனுப்பியது. வழக்கமான அட்டைப்பெட்டி கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு பிளாஸ்டிக் உருளை டப்பாவுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தார்கள். டாஹு, காலி, லேவா, போஹாட்டு, கோபாகா, ஒனுவா என்று பெயர். நெருப்பு, நீர், காற்று, கல், பனி, மண் என்று ஆளுக்கோர் ஆற்றல். கதைப்படி இந்த ஆறு பேரும் மாட்டா நூயி என்ற தீவின் கரையில் அதே உருளைகளுக்குள் கிடந்து ஒதுங்குகிறார்கள். மூடி திறந்ததும் தங்கள் கை, கால், தலையைத் தாங்களே பொருத்திக்கொண்டு எழுகிறார்கள். டப்பாவைத் தரையில் கொட்டிப் பூட்டத் தொடங்கிய பிள்ளையின் கையில் நடந்ததும் அதேதான். கதை தொடங்கும் இடமும் விளையாட்டு தொடங்கும் இடமும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றுசேர்ந்த பொம்மை அதற்கு முன்பு வந்ததில்லை என்றே சொல்லலாம்.

‘பயோனிக்கிள்’ என்ற அந்த வரிசை நெருக்கடியில் பிறந்தது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் மகன் காட்ஃபிரெட் 1958-இல் இன்றைய லெகோ கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஏறுமுகம்தான். 1998-இல் நிறுவனம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக நட்டக் கணக்கு காட்டியது. அடுத்த ஆண்டு சுமார் 1,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் முடிவும் வந்தது. பிள்ளைகளின் மாலை நேரத்தை வீடியோ கேம்கள் எடுத்துக்கொண்டிருந்தன. வெறும் கட்டையை மட்டும் நம்பி இனிக் காலம் தள்ள முடியாது என்ற பயம் பில்லுண்டைப் பிடித்துக்கொண்டது.

1999-இல் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, ஸ்டார் வார்ஸ் உரிமம். சினிமா ஒன்றின் பாத்திரங்களை உரிமம் வாங்கி லெகோ செய்தது அதுவே முதல் முறை. மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. ‘ஸ்லைசர்ஸ்’ என்ற பெயரில், அமெரிக்காவில் ‘த்ரோபாட்ஸ்’ என்ற பெயரில், வட்டத் தட்டுகளை வீசும் எந்திர மனிதர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த ஒரு சிறு உறுப்புதான் அடுத்த இருபது ஆண்டுகளின் ஆணிவேர்: பந்துக் கிண்ண மூட்டு. நம் தோள்பட்டையில் இருக்கும் அதே ஏற்பாடு. ஒரு துண்டின் முனையில் உருண்டை, மற்றதன் முனையில் அதைக் கவ்விப் பிடிக்கும் குழி. அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போகும். இழுத்தால் வெளியே வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பிய இடத்தில் நிற்கும். பசை வேண்டாம், திருகாணி வேண்டாம். அதுவரை விறைப்பாக உட்கார்ந்திருந்த லெகோவுக்கு முதல் முறையாக இடுப்பும் தோளும் கிடைத்தன.

2000-இல் வந்த ‘ரோபோரைடர்ஸ்’ என்ற அடுத்த வரிசை ஓராண்டோடு போயிற்று. ஆனால் மூட்டு தங்கியது. அந்த மூட்டுக்கு ஏற்ற ஒரு கதை வேண்டியிருந்தது.

கதைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியன் ஃபேபர். லெகோவுக்காக வேலைசெய்த கோபன்ஹேகன் விளம்பர நிறுவனமான அட்வான்ஸில் கலை இயக்குநர். 1986-இல் அவருக்கு மூளையில் பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் இல்லை, ஆனாலும் ஆண்டுக்கணக்கில் மருந்தோடு வாழ வேண்டிய நிலை. மருந்து ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், உடலைச் சீர்செய்யச் சின்னஞ்சிறு வீரர்களை அனுப்புவதாக அவர் கற்பனை செய்துகொண்டார். பயோனிக்கிளின் விதை அங்கே இருந்தது என்று பின்னாளில் அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். அந்த உருளை டப்பா, மருந்துக் குப்பி. அந்தத் தீவு, நோயில் விழுந்த ஓர் உடல்.

இது பின்னால் வந்து சேர்த்த விளக்கமா என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதற்குச் சான்று 2008-இல் வெளிவந்தது. ஏழு ஆண்டுகள் கதை ஓடியபிறகு, மாட்டா நூயி என்ற தீவு உண்மையில் படுத்துக் கிடக்கும் ஒரு மாபெரும் எந்திர மனிதனின் முகத்தை மூடியிருந்த மேற்பரப்பு என்று கதை வெளிப்படுத்தியது. வீரர்கள் அத்தனை காலம் நடந்ததும் சண்டையிட்டதும் அவன் உடம்பின் மேலும் உள்ளேயும்தான். பொம்மை விற்க எழுதப்பட்ட ஒரு கதை, தன் பெரிய மர்மத்தை ஏழு ஆண்டு பொத்தி வைத்துப் பிள்ளைகளின் பொறுமையை மதித்தது. அவர்களுக்கு இது புரியாது என்று அந்தக் கதைக்காரர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. பயோனிக்கிளின் பெருமைகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

2001-இன் டாஹுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் மற்ற பெருமை தெரியும். முதுகுப் பக்கம் ஒரு பற்சக்கரம் துருத்திக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அதை உருட்டினால் உள்ளே இன்னொரு பல் சுழன்று, தீப்பிழம்பு வடிவ வாளைப் பிடித்த கை மேலும் கீழும் வீசும். எதிரே இன்னொரு வீரனை நிறுத்தி அவன் முகமூடியைத் தட்டி விழச் செய்ய வேண்டும். முகமூடி போனால் கதைப்படி வலுவும் போயிற்று. எல்லோருக்கும் ஒரே அசைவு கிடையாது. போஹாட்டுவின் உடற்பகுதியைத் தலைகீழாகப் பூட்டியிருப்பார்கள், அதனால் அவன் காலால் உதைப்பான். 2002-இல் வந்த போராக் என்ற எதிரிப் படைகள் வண்டுபோல உருண்டையாகச் சுருண்டுகொள்ளும்; பின்னாலிருக்கும் நெம்புகோலைத் தட்டினால் தலை முன்னால் பாய்ந்து முட்டும். எல்லாம் லெகோவின் டெக்னிக் வரிசையிலிருந்து வந்த அச்சுத்தண்டும் பல்லும்தான். முப்பது சொச்சம் துண்டுகளில் ஒரு பிள்ளை பற்சக்கரத்தின் வேலையை விரல்நுனியில் கற்றுக்கொண்டது.

கதை பல வாய்களால் சொல்லப்பட்டது. டிசி காமிக்ஸ் படக்கதைகளும் ஸ்கொலாஸ்டிக் நாவல்களும் வந்தன. இரண்டிலும் பெரும்பகுதியை எழுதியவர் கிரெக் ஃபார்ஷ்டி. 2003-இல் ‘மாஸ்க் ஆஃப் லைட்’ படம், அதன்பின் இன்னும் மூன்று படங்கள். ஒன்றில் விட்ட இழையை இன்னொன்றில் பிடித்துத்தான் முழுக்கதையையும் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தக் கதைக்கு ஒரு கடனும் இருந்தது. தொடக்கத்தில் பல பெயர்கள் நியூசிலாந்தின் மாவோரி மொழியிலிருந்தும் பிற பாலினீசிய மொழிகளிலிருந்தும் கேட்காமல் எடுக்கப்பட்டவை. தீவின் எளிய குடிகளுக்கு ‘டொஹுங்கா’ என்று பெயர் வைத்தார்கள். மாவோரிகளுக்கு அது குருவையும் கைதேர்ந்த வித்தகரையும் குறிக்கும் மரியாதைச் சொல். 2001-இலேயே மாவோரிக் குழுக்கள் சார்பில் வழக்கறிஞர் மாவுயி சாலமன் எதிர்ப்புத் தெரிவித்தார். பேச்சு நடந்தது. இனிமேல் இப்படி எடுப்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. டொஹுங்கா ‘மட்டோரன்’ ஆயிற்று; ஜாலா, மக்கு, ஹுக்கி போன்ற பெயர்களின் எழுத்துகள் மாறின. கதைக்குள்ளேயே பெயர்சூட்டு விழா ஒன்றை வைத்து அந்த மாற்றத்தை நியாயப்படுத்தினார்கள். எல்லாப் பெயரும் மாறிவிடவில்லை. வீரர்களைக் குறிக்கும் ‘டோவா’ கடைசிவரை நின்றது. பயோனிக்கிளை நேசிப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த உலகத்தின் அழகில் ஒரு பங்கு அந்த மக்களுடையது.

2003-லும் 2004-லும் லெகோ மீண்டும், முன்னைவிட ஆழமாக, நட்டத்தில் இறங்கியது. தீம் பார்க்கிலிருந்து துணிமணி வரை கால் வைத்த இடமெல்லாம் பணம் கரைந்தது. ஸ்டார் வார்ஸ் விற்பனையோ புதுப்படம் வராத ஆண்டுகளில் படுத்துக்கொண்டது. பயோனிக்கிள் அப்படி யாருடைய ரிலீஸ் தேதிக்கும் காத்திருக்கவில்லை. கதையும் சொந்தம், உரிமத் தொகை கொடுக்கவும் வேண்டாம், ஆண்டுதோறும் புதிய வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2004-இல் யோர்கன் விக் நூட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர் வரும்வரை மூழ்காமல் தாங்கிய சில கைகளில் ஒன்று பயோனிக்கிளின் கை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிறகு சரிவு வந்தது, மெதுவாக. 2006-இல் வந்த டோவா இனிக்கா வீரர்களுக்கு முழங்காலும் முழங்கையும் நன்றாக மடங்கின; ஆயுதத்தில் விளக்கு மின்னியது. ஆனால் முதுகிலிருந்த பற்சக்கரம் காணாமல் போயிற்று. நிறுத்தி வைக்க அழகு கூடியது, கையில் வைத்து ஆட்டிப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உடற்கட்டு ஏறக்குறைய அதேதான். முகமூடியும் நிறமும் ஆயுதமும் மட்டும் மாறின. அந்தக் காலத்து இளம்பச்சை நிற மூட்டுகளைப் பற்றி எந்த ரசிகரிடம் கேட்டாலும் பெருமூச்சுதான் பதில். குழியின் விளிம்பில் மயிரிழையாக ஒரு கீறல் விழும். அடுத்த முறை பந்தை அழுத்தும்போது துண்டு இரண்டாகப் பிளக்கும். நிறத்துக்காகச் சேர்க்கும் பொருள் மாறினால் பிளாஸ்டிக்கின் குணமும் மாறிவிடும். பிரித்துப் பிரித்துப் பூட்டுவதற்காகவே செய்த பொம்மையில் அது சின்னக் குறை ஆகாது.

2009 இறுதியில் நிறுத்தும் அறிவிப்பு வந்தது; 2010-இல் சிறு விடைபெறும் வரிசையோடு முடிந்தது. புதிதாக நுழையும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது ஆண்டுக் கதை மலையாக நின்றது. ஆண்டுதோறும் புதிய முகமூடி, புதிய பாதம், புதிய ஆயுதம் என்று வெட்டிய அச்சுகளின் செலவும் சும்மா இருக்கவில்லை.

அந்த இடத்துக்கு வந்த ‘ஹீரோ ஃபேக்டரி’யை ரசிகர்கள் அன்று சரியாக மதிக்கவில்லை. 2011 முதல் அது புதிய கட்டுமான முறைக்கு மாறியது. வெவ்வேறு நீளத்தில் எலும்புகள், அவற்றின் முனைகளில் அதே பந்தும் கிண்ணமும், எலும்பின் மேல் வழவழப்பான ஓடு. ஓடு எந்த எலும்பிலும் ஏறும். கால் எலும்பு வேறொரு உருவத்தில் கழுத்தாகும், வாலாகும். பழைய பயோனிக்கிள் துண்டு பிறந்த இடத்துக்கு மட்டுமே பொருந்துவதுபோல இருக்கும். அதை வேறிடத்தில் நுழைக்கக் கைத்திறன் வேண்டும். புதியதோ யாரையும் தடுக்காத முறை. குதிரை, தேள், டிராகன் என்று எதையும் அரை மணியில் எழுப்பலாம். குறை கதையில் இருந்தது. தொழிற்சாலையில் தயாராகி, வில்லனைப் பிடித்துவிட்டுத் திரும்பும் நாயகர்களிடம் கரையொதுங்கியவர்களின் மர்மம் இல்லை.

2015-இல் பயோனிக்கிள் திரும்பி வந்தது. டாஹு, கோபாகா என்று பழைய ஆறு பெயர்கள், ஒகோட்டோ என்ற புதிய தீவு. புதிய எலும்பு முறையோடு பழைய பற்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். கை மீண்டும் வீசியது. பொம்மையாக மட்டும் பார்த்தால், மொத்த வரலாற்றிலும் இதைவிட நல்ல கட்டுமானம் வந்ததில்லை. ஆனால் கதைக்கு நேரம் கொடுக்கவில்லை. பழைய வரிசை ஏழு ஆண்டில் அவிழ்த்ததை ஈடுசெய்யும் எதையும் சிறு அனிமேஷன் துணுக்குகளால் சொல்ல முடியவில்லை. 2016-இலேயே மூடிவிட்டார்கள். அதே எலும்பும் ஓடும் டார்த் வேடர், ஜெனரல் க்ரீவஸ் போன்ற ஸ்டார் வார்ஸ் உருவங்களாக 2018 வரை ஓடின.

இப்போது வரும் கட்டும் உருவங்கள் வேறு வகை. 2022-இன் அயர்ன் மேன், 2023-இன் ஸ்பைடர் மேன், வுல்வரின் எல்லாம் சாதாரணக் கட்டைகளால் ஆனவை. 2014-இல் மிக்ஸெல்ஸ் என்ற குட்டிப் பொம்மைகளோடு அறிமுகமான சிறிய பந்து மூட்டு லெகோ முழுவதும் பரவிவிட்டதால் இது சாத்தியமாயிற்று. இதில் பெரிய நன்மை உண்டு: ஸ்பைடர் மேனைப் பிரித்தால் அந்தத் துண்டுகள் நாளை வீடாகும், கப்பலாகும். தனித் தீவாக இருந்த உருவங்கள் லெகோவின் பொதுக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் அயர்ன் மேனுக்கு முகம், குரல், முடிவு எல்லாம் சினிமாவிலேயே எழுதியாகிவிட்டது. அவனைக் கட்டி முடித்த பிள்ளைக்குக் கண்டுபிடிக்க மிச்சம் அதிகமில்லை. உரிமம் வாங்கிய பத்து நாயகர்களுக்கு நடுவே சொந்தக் கதையோடு பெயர் தெரியாத ஒருவனையாவது நிறுவனம் விட்டுவைக்க வேண்டும்.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. தன் 90-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, எந்தப் பழைய வரிசை திரும்பி வர வேண்டும் என்று 2021-இல் லெகோ ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பயோனிக்கிள் முன்வரிசையில் நின்றது. முழு செட்டாக வரும் வாய்ப்பு கோட்டை, விண்வெளி வரிசைகளுக்குப் போயிற்று. 2023 தொடக்கத்தில் டாஹுவையும் டக்குவா என்ற மட்டோரனையும் சாதாரணக் கட்டைகளில் வடித்த ஒரு சிறு செட் வந்தது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கியவர்களுக்கு இலவசமாக. சிவப்பு முகமூடி, கையில் தீ வாள், அதே நிமிர்ந்த நிற்பு. முதல் டப்பாவைத் திறந்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு அப்போது முப்பதுக்கு மேல். அந்த இலவசத்துக்காகவே வேறு பெட்டிகளை வாங்கியவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதைத் தனியாக விலைக்கு விற்கவில்லை.