குளவிக் கொட்டும் அரை மில்லிலீற்றர் மருந்தும்

கொத்மலை என்றதும் நாட்டின் பிற பகுதியினருக்கு 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். 2025 மே 11ஆம் திகதிக்குப் பின்னர், கெரண்டி எல்லவில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பஸ் விபத்தும் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் மூன்று தசாப்தங்களாக மலையகச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்த எனக்கு, கொத்மலை, பூண்டுலோயா, ரம்பொடை ஆகிய பெயர்களோடு ஒட்டிக்கொண்டு வருவது வேறொரு சொல். அது குளவிக் கொட்டு.

"கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர்." இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தோட்டத்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். உள்பக்கத்தில் நான்கு வரி. இறந்தால் ஆறு வரி.

இந்நான்கு வரிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. வந்து சேர்ந்தவர்களுக்குத் துரைமாரின் கைமருந்துதான் வைத்தியம். விளக்கெண்ணெயும் குயினைனும் அதில் முக்கியமானவை. மரண எண்ணிக்கை பற்றிய கண்டனங்கள் மிகுந்த பின்னரே 1872இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பெருந்தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்ட வைத்திய அதிகாரிகளும் வைத்தியசாலைகளும் ஏற்பட்டன. செலவை யார் ஏற்பது என்பதில் துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே நெடுங்காலம் இழுபறி நடந்தது. 1912இல் சட்டம் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. இன்றும் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் பழைய டிஸ்பென்சரிக் கட்டடங்கள் இந்த ஏற்பாட்டின் சுவடுகள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1916இல், அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. புழு இரத்தத்தைக் குடித்தது. இரத்தம் குறைந்த தொழிலாளியால் வேலை செய்ய முடியவில்லை. எனவே தோட்டந்தோட்டமாக மருந்து கொடுத்தார்கள். அதனால் விளைந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த முறைமையின் கண்கள் எதைப் பார்த்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டமாகப் பரவுகின்ற, வேலைநாளைக் குறைக்கின்ற நோய் அதன் கண்ணுக்குத் தெரிந்தது. மலைச்சரிவில் ஒருத்தி பத்து நிமிடங்களுக்குள் மூச்சடைத்து விழுவது அதன் கணக்கில் இல்லை.

இத்தனைக்கும் அந்த நோயும் அதற்கான மருந்தும் அப்போதே உலகுக்குத் தெரியவந்திருந்தன. ஜப்பானியரான தக்காமினே 1901இல் அட்ரினலினைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்ததை அறிவித்தார். 1902இல் பிரான்ஸின் ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல் உயிரிகளின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, முதல் தடவை தப்பிய நாய் இரண்டாம் தடவை மிகச் சிறிய அளவிலேயே நிமிடங்களில் இறந்ததைக் கண்டார்கள். பாதுகாப்புக்கு நேர்மாறானது என்ற பொருளில் அதற்கு அனஃபிலக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த தசாப்தங்களில் அட்ரினலின் அந்த அவசரநிலையின் முதல் மருந்தாயிற்று. இன்றும் அதுவே முதல் மருந்து.

1996ஆம் ஆண்டு. அப்போது நான் இளம் நிருபன். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலை பத்தரை மணியளவில் மலையில் குளவி கலைந்தது. ஏழு பெண்களுக்குக் கொட்டியது. அவர்களில் ஒருத்தி அங்கேயே சுருண்டு விழுந்தாள். கம்பளியில் கிடத்திக் கம்பு கட்டித் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கினார்கள். டாக்டரையா வேறொரு டிவிஷனுக்குப் போயிருந்தார். அவர் வந்து துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். லொறியோ கொழுந்து ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. வைத்தியசாலையை அடைந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் போய் வழக்கம்போல் பெயர்களையும் வயதுகளையும் குறித்துக்கொண்டிருந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த தாதி ஒருவர், தோட்டத்து மக்கள் மிஸ்ஸி என்றே அழைப்பவர், என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எத்தனை பேருக்குக் கொட்டியது என்று எல்லா நிருபர்களும் கேட்கிறீர்கள். எத்தனை மணிக்குக் கொட்டியது, எத்தனை மணிக்கு ஊசி ஏறியது என்று ஒருவரும் கேட்பதில்லை. மருந்து அரை மில்லிலீற்றர்தான். அது வர ஒன்றரை மணித்தியாலம்."

அன்றும் நான் ஆறு வரிதான் அனுப்பினேன். நேரத்தை எழுதவில்லை.

பின்னாளில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை பல. குளவிக் கொட்டால் நேரும் ஆபத்து இரு வகை. ஒன்று, நஞ்சுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பு. அதற்கு ஒரே ஒரு கொட்டும் போதும். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் சுருங்கும், இரத்த அழுத்தம் சரியும். அப்போது தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஏற்றப்பட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் கரைசலில் அரை மில்லிலீற்றர்; தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும். பிரிட்டன் குளிசையும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் அதற்குப் பின்னர்தான். அவற்றை முதலில் கொடுத்துவிட்டு ஆறுதலடைவது ஆபத்து. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத்திணறல் மிகுந்தால் உட்காரவைக்கலாம்; ஆனால் எழுந்து நடக்கவிடக் கூடாது, திடீரென எழுந்த மாத்திரத்தில் இதயம் நின்று இறந்தவர்கள் உண்டு. நம் தோட்டங்களில் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. "மெதுவாக நடந்து வா" என்று கைத்தாங்கலாக இறக்கிவருகிறோம்.

மற்றது, நூற்றுக்கணக்கான கொட்டுகளால் ஏறும் நஞ்சின் அளவு. தசைகள் சிதைந்து, செங்குருதிக் கலங்கள் உடைந்து, ஓரிரு நாட்களில் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீர் சாயத் தண்ணீர் போலக் கறுத்து வருவது அதன் அறிகுறி. முதல்நாள் நலமாகத் தெரிந்தவர் மூன்றாம் நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பது இதனால்தான்.

குளவி என்று நாம் எழுதுவது எப்போதும் குளவியும் அல்ல. சிங்களத்தில் தெபரா என்பது குளவி. பம்பரா என்பது உயர்ந்த மரங்களில் பெருங்கூடு கட்டும் பெருந்தேனீ. தோட்டத்தில் இரண்டுமே குளவிதான். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும், அதை உடனே அகற்ற வேண்டும். குளவி அப்படிக் கொடுக்கை விட்டுப்போவதில்லை, பலமுறை கொட்டும். பத்திரிகைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதை என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. பராமரிப்பின்றி மலைகள் காடாகிப்போனதால் கூடுகள் பெருகின என்பது தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம். 2016இல் இந்திய நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்பியூலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. 2017 மே 12ஆம் திகதி டிக்கோயாவில் புதிய வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். இவை உண்மையான முன்னேற்றங்கள். 1996இல் அந்தப் பெண்ணுக்கு இத்தகைய வண்டி ஒன்று வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. எனினும் அம்பியூலன்ஸ் வருவது வீதி வரைக்கும்தான். மலையுச்சியிலிருந்து வீதி வரை இன்றும் பல இடங்களில் தோளும் டிரக்டரும்தான். அந்த இடைவெளியில் ஒரு அட்ரினலின் குப்பியும், அதை ஏற்றத் தெரிந்த, ஏற்ற அனுமதி பெற்ற ஒருவரும் இருக்கிறார்களா என்பதே கேள்வி. ஒவ்வொரு தோட்டத்திலும் அதைக் கேட்டு எழுதுவது ஒரு நிருபருக்கு ஒரு வார வேலை.

அந்தத் தாதி ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. அண்மையில் இன்னொரு குளவிக் கொட்டுச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊசி எத்தனை மணிக்கு ஏற்றினார்களாம்?" என்றார்.

செய்தியில் அது இல்லை என்றேன்.