காக்கையும் பனம்பழமும்: தற்செயல் நிகழ்ச்சிகள் இறைவன் தரும் அடையாளங்களா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முன்னோர் வாக்கு. இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நேர்ந்தன என்பதால் மட்டும் ஒன்றை மற்றதற்குக் காரணமாகக் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. வடமொழித் தருக்க நூலார் இதனைக் 'காகதாலீய நியாயம்' என்றனர். ஆயினும், சாவின் விளிம்பிலிருந்து தப்பி வந்த ஒருவரிடம் இப்பழமொழியைச் சொல்லிப் பாருங்கள், அவர் ஒப்பமாட்டார். 'இது தற்செயல் அன்று. எனக்காக அனுப்பப்பட்ட அடையாளம்' என்பார்.

எல்லாச் சமயத்தாரிடமும் இவ்வெண்ணம் உண்டு. கிறித்தவ சமயத்தில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. உலகில் நடப்பவை யாவும் இறைவனின் பராமரிப்பில் அடங்கியவை என்பது அச்சமயத்தின் கொள்கை. அவ்வாறாயின், தற்செயலாக ஒன்றுபடும் நிகழ்ச்சிகளை அவன் தரும் குறிகளாகக் கொள்ளலாமா? இவ்வினாவைத் தமிழகக் கடற்கரையிலிருந்தே தொடங்குவோம்.

வேளாங்கண்ணிக் கப்பல்

மதுரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வேளாங்கண்ணிக்குச் செல்கின்றனர். ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் திருவிழா நிறைவுறும். அந்நாளின் சிறப்பைப் பற்றி வழங்கிவரும் மரபுச் செய்தி இது: 17-ஆம் நூற்றாண்டில் மக்காவோவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று வங்கக் கடலில் புயலில் சிக்கியது. கரை சேரும் இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்புவதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டனர். கப்பல் வேளாங்கண்ணிக் கரையை அடைந்தது. அன்று செப்டம்பர் 8. மாதாவின் பிறந்தநாள் விழா.

ஆண்டில் 365 நாட்கள். அவற்றுள் சரியாக அந்த ஒரு நாளில் கரை சேர்வது 365-இல் ஒரு வாய்ப்பு என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் இக்கணக்கு முழுமையானதன்று. மாதாவுக்கு உரிய விழா அது ஒன்றே அன்று. பிப்ரவரி 2, மார்ச் 25, ஜூலை 2, ஆகஸ்டு 5, ஆகஸ்டு 15, நவம்பர் 21, டிசம்பர் 8 ஆகியனவும் அக்காலத்தில் மாதாவின் விழாக்களே. இந்த எட்டில் எந்நாளில் கரை சேர்ந்திருந்தாலும் இதே வியப்பு எழுந்திருக்கும். ஆகவே வாய்ப்பு ஏறத்தாழ 46-இல் ஒன்று.

அடுத்து, கப்பலும் அது ஒன்றே அன்று. 1658-இல் நாகப்பட்டினத்தை ஒல்லாந்தரிடம் இழக்கும் வரையில் போர்த்துக்கீசியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்கரையில் கப்பலோட்டினர். புயலில் அலைந்து கரை சேர்ந்த கப்பல்கள் 32 இருந்தன என்று வைத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்றேனும் மாதாவின் விழா நாளில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. மாலுமிகளின் நன்றியுணர்வை இக்கணக்கு சிறிதும் குறைக்கவில்லை. நாளின் பொருத்தம் நாம் முதலில் நினைத்த அளவுக்கு அரியதன்று என்று மட்டுமே அது காட்டுகிறது.

ஓரியூரில் ஒரு புதன்கிழமை

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு மதுரை மறைத்தளத்தின் வரலாற்றிலேயே உண்டு. அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். சேசு சபைத் துறவியாக இங்கு வந்து பணியாற்றி, சேதுபதியின் ஆட்சிக்குட்பட்ட ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்நாள் புதன்கிழமை, அதுவும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

வியப்பு இத்துடன் முடியவில்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. அவ்விழா மிக முந்தி வந்தால் மார்ச் 22-இல் வரும். அதற்கு 46 நாட்களுக்கு முன் வருவது திருநீற்றுப் புதன். எனவே அது பிப்ரவரி 4-க்கு முன் வரவே இயலாது. இன்றைய நாட்காட்டி 1582-இல் நடைமுறைக்கு வந்தபின், பிப்ரவரி 4-இல் திருநீற்றுப் புதன் வந்த ஆண்டுகள் நான்கே: 1598, 1693, 1761, 1818. இனி வரப்போவது 2285-இல்!

படிப்பவருக்கு மெய் சிலிர்க்கலாம். ஆனால் இப்பொருத்தத்தை எவ்வாறு கண்டோம் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் நாளை அறிந்தோம். பிறகு அதற்கு ஏற்ற சிறப்பைத் தேடினோம். பெரிய வெள்ளியில் இறந்திருந்தால் அதைச் சொல்லியிருப்போம். டிசம்பர் 3 ஆயின் சவேரியாரின் நாள். திருச்சபை நாட்காட்டியில் புனிதர் ஒருவரின் நினைவு இல்லாத நாளே அரிது. விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற வினாவை எழுதும் மாணவன் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குவான் அல்லவா?

வகுப்பறையில் ஒரு சோதனை

இதனை வகுப்பறையில் எவரும் சோதிக்கலாம். 23 பேர் உள்ள அறையில் இருவருக்கேனும் ஒரே பிறந்தநாள் அமைய வாய்ப்பு 50 விழுக்காட்டிற்குச் சற்று மேல். 40 மாணவர் இருந்தால் 89 விழுக்காடு. மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஒவ்வொருவரும் 'என் பிறந்தநாள் யாருக்கு இருக்கிறது?' என்று பார்ப்பதே காரணம். நாம் எண்ணவேண்டியது இருவர் இருவராகச் சேரும் இணைகளை. 40 பேருக்குள் 780 இணைகள் உள்ளன.

மதுரை மாநகரில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஒருவருக்கு ஒரு நாளில் நிகழப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உள்ள நிகழ்ச்சியும், நாள்தோறும் சராசரியாக இந்நகரில் யாரேனும் ஒருவருக்கு நேர்ந்துகொண்டுதான் இருக்கும். காளவாசல் சந்திப்பில் பேருந்துக்காக நிற்பவர், இருபது ஆண்டுகளாகக் காணாத நண்பரை நினைக்கிறார். வந்து நின்ற பேருந்திலிருந்து அந்த நண்பரே இறங்குகிறார். அவர் அதை வாழ்நாள் முழுதும் சொல்வார். நினைத்தும் நண்பர் வராத நாட்களை எவரும் சொல்வதில்லை. அவை நினைவிலும் நிற்பதில்லை.

இக்குறையை முன்னோர் அறிந்தே இருந்தனர். ரோமானிய அறிஞர் சிசரோ ஒரு செய்தி சொல்கிறார். வேண்டுதலால் கடலில் பிழைத்தவர்கள் கோயிலில் காணிக்கையாக வைத்த படங்களை டயாகோரஸ் என்னும் கிரேக்கரிடம் காட்டினார்களாம். அப்படியானால், வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டாராம். 1620-இல் பிரான்சிஸ் பேக்கனும் இதே கருத்தை எடுத்துக்காட்டினார்.

அரசியின் மருத்துவரும் சீட்டுக் குலுக்கலும்

தற்செயலா, இறைச்செயலா என்பதைக் கணிதத்தால் தீர்க்க முயன்றவரும் உண்டு. ஜான் ஆர்பத்நாட் இங்கிலாந்து அரசி ஆன் அவர்களின் மருத்துவர். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளிலும் இலண்டனில் திருமுழுக்குப் பெற்ற ஆண் குழந்தைகளே பெண் குழந்தைகளை விட மிகுதி என்று பதிவேடுகளிலிருந்து கண்டார். நாணயம் சுண்டுவது போல் சமவாய்ப்பாக இருந்தால், 82 முறையும் ஒரே பக்கம் விழ வேண்டும். அதன் வாய்ப்பு 48-ஐ அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் எண்ணில் ஒன்று! ஆகவே இது தற்செயல் அன்று, இறைவனின் பராமரிப்பே என்று அவர் முடிவு செய்தார்.

நிக்கோலஸ் பெர்னூலி இதற்கு மறுமொழி தந்தார். 35 பிறப்புகளில் ஆண் 18, பெண் 17 என்பது இயல்பான விகிதமானால், அநேகமாக எல்லா ஆண்டுகளிலும் ஆண்கள் மிகுவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆர்பத்நாட்டின் கணக்கில் பிழையில்லை. வாய்ப்பு சமமன்று என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால், சமமின்மைக்குக் காரணம் யார், எது என்பதை அக்கணக்கு சொல்லவில்லை. புள்ளியியல் சோதனை என்று இன்று நாம் கற்பிக்கும் முறை, இறைவனைத் தேடிய இக்கட்டுரையிலிருந்து வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கிறித்தவர் சிலர் அடையாளத்திற்காகக் காத்திராமல் தாமே கேட்டுப் பெற முயன்றனர். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதாக விவிலியம் கூறுகிறது. இதனைப் பின்பற்றி மொராவியச் சபையார் திருமணத்திற்கும், ஊழியத்திற்கு ஆள் அனுப்புவதற்கும் சீட்டுக் குலுக்கினர். இச்சபையினர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். நாளடைவில் அச்சபையே அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் எச்சரிக்கையாகவே நடந்துவந்துள்ளது. நோய் கடுமையானதா, குணம் உடனடியாகவும் முழுமையாகவும் நிலையாகவும் ஏற்பட்டதா, மருந்தால் குணமாகியிருக்கக்கூடுமா என்றெல்லாம் ஆராய வேண்டுமென, பின்னாளில் 14-ஆம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான லம்பெர்த்தினி 18-ஆம் நூற்றாண்டில் வரையறுத்தார். பிரான்சில் உள்ள லூர்து நகரில் பதிவான குணமடைதல்கள் 7,000-க்கு மேல். திருச்சபை அற்புதமென ஏற்றவை 70-க்குச் சற்று மேல். பொருத்தமாக நேர்ந்தது என்பது மட்டும் போதாது என்பதை விசுவாசிகளின் சபையே உணர்ந்திருக்கிறது.

இரண்டு காலை வேளைகள்

இதுவரை கண்டது கணக்கு. கணக்கைவிடப் பெரிய இடர் ஒன்று இதில் உண்டு. 1755 நவம்பர் 1-ஆம் நாள் காலை, லிஸ்பன் நகர் நிலநடுக்கத்தால் அழிந்தது. அன்று புனிதர் அனைவரின் பெருவிழா. மக்கள் கோயில்களில் நிறைந்திருந்தனர்; கோயில்கள் அவர்கள் மேலேயே இடிந்தன. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகள் நகருக்குத் தீயிட்டன. கடல் பொங்கி வந்து எஞ்சியோரை வாரிச் சென்றது. செப்டம்பர் 8-இல் கரை சேர்ந்தது அடையாளமானால், நவம்பர் 1-இல் கோயில் இடிந்தது எதன் அடையாளம்?

நகர மக்களின் பாவத்திற்குத் தண்டனை என்று எழுதினார் மலக்ரிடா என்னும் சேசு சபைத் துறவி. அமைச்சர் பொம்பால் இதனை வெறுத்தார். மலக்ரிடா 1761-இல் கொல்லப்பட்டார். மேலே கண்ட நான்கு ஆண்டுகளுள் ஒன்று, அருளானந்தர் பிறந்த நகர், அவருடைய சபையே. இவற்றில் உட்பொருள் ஏதுமில்லை. தேடத் தொடங்கினால் பொருத்தங்கள் இவ்வாறு கிடைத்துக்கொண்டே இருக்கும். பொம்பால் வேறொன்றும் செய்தார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, நிலம் எங்கே பிளந்தது என்று நாட்டின் பங்குகளுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பினார். நிலநடுக்க இயலின் தொடக்கங்களுள் ஒன்று அது.

249 ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்துமஸின் மறுநாள். சுமத்திரா அருகே காலை 6.29-க்கு நிலம் அதிர்ந்து எழுந்த பேரலை வேளாங்கண்ணியை அடைந்தபோது பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. கடல்நீர் கோயிலுக்குள் புகவில்லை, உள்ளிருந்தோர் பிழைத்தனர். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றிருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் பலர் அதே மாதாவை நாடி வந்த யாத்திரிகர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் 6,000-க்கு மேல்.

அதே காலையில் இலங்கையின் தென்கரையில் மாத்தறை மாதா கோயிலிலும் திருப்பலி நடந்தது. அங்கே அலை கோயிலுக்குள் புகுந்தது, வழிபட்டுக்கொண்டிருந்தவர்களே மாண்டனர். மாதாவின் திருவுருவத்தையும் கடல் கொண்டுபோயிற்று. பின்னர் அது மீட்கப்பட்டது. ஒரே கடல், ஒரே அலை, ஒரே வழிபாடு, விளைவு இரண்டு. அலை எங்கே ஏறும் என்பதைக் கடலடித் தரையின் சரிவும், கரையின் உயரமும், முகத்துவாரங்களும், இடையே நிற்கும் கட்டடங்களும் முடிவு செய்கின்றன.

கோயிலுக்குள் இருந்து பிழைத்தவர் மண்டியிட்டு நன்றி சொல்வதைத் தடுக்க இயற்பியலுக்கு வேலையில்லை. ஆனால் அவர் பிழைத்ததை அவர்மேல் இறைவன் கொண்ட தனி அன்பின் சான்றாக்கினால், கரையில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன சொல்லப்போகிறோம்? அவளுடைய வேண்டுதல் குறைந்தது என்றா? இக்கேள்விக்கு விவிலியத்திலேயே விடை உள்ளது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களை விடப் பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதாக லூக்கா எழுதியுள்ளார். விபத்தைத் தீர்ப்பாகப் படிக்கும் வழக்கத்தை அவரே மறுத்துவிட்டார்.

நான்கு கட்டங்கள்

ஏதேனும் ஒன்றை அடையாளம் என்று கருத நேர்ந்தால், மாணவர்கள் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையலாம். குறி தோன்றியது, நினைத்தது நடந்தது. குறி தோன்றியது, நடக்கவில்லை. குறி தோன்றவில்லை, நடந்தது. குறியும் இல்லை, நடக்கவும் இல்லை. நான்கையும் நேர்மையாக நிரப்பவேண்டும். நாம் கதையாகச் சொல்வது முதற்கட்டத்தை மட்டுமே. மற்ற மூன்றையும் நிரப்பிய பின்னரும் தொடர்பு எஞ்சுமானால், அங்கே காரணம் ஒன்று இருக்கிறது, தேடலாம்.

அவ்வாறு தேடிக் கண்ட அடையாளங்களும் உண்டு. 2004-இல் தாய்லாந்துக் கரையில் அலைக்கு முன் கடல் உள்வாங்கியது. வெறுந்தரையாகிவிட்ட கடலடியை வேடிக்கை பார்க்கப் பலர் இறங்கினர். புக்கெட் தீவின் ஒரு கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையில் இருந்தோர் தப்பினர். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம், கடலடி நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களில் கண்டறிந்து நம் கரைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலம் நோக்கி ஓடவேண்டும். இந்த ஓர் அடையாளத்தை நம் கடற்கரைப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.